மருந்து வந்த பாதை – 14: டாக்காவில் ஒரு பட்டியல்

1981இல் வங்கதேசத்தில் மருந்து தயாரிக்க உரிமம் வைத்திருந்த நிறுவனங்கள் 166. எண்ணிக்கையைப் பார்த்தால் போட்டி நிறைந்த தொழில் போலத் தோன்றும். உண்மையில் சந்தை எட்டுப் பேர் கையில் இருந்தது. ஃபைசன்ஸ், கிளாக்சோ, ஹெக்ஸ்ட், ஐ.சி.ஐ., மே அண்ட் பேக்கர், ஆர்கனான், ஃபைசர், ஸ்குவிப் என்ற எட்டு அயல்நாட்டு நிறுவனங்கள் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கை வைத்திருந்தன. நடுத்தர அளவிலான 25 உள்நாட்டு நிறுவனங்களுக்கு 15 சதவீதம் போனது. மிச்சத்தை 133 சிறு நிறுவனங்கள் பங்கிட்டுக்கொண்டன.

யார் தயாரித்தார்கள் என்பதைவிட எதைத் தயாரித்தார்கள் என்பது முக்கியம். காசநோய்க்கும் நிமோனியாவுக்கும் குடற்புழுவுக்கும் தேவைப்பட்ட அத்தியாவசிய மருந்துகள் உள்நாட்டு உற்பத்தியில் 30 சதவீதம்தான். கடைகளின் அலமாரியை நிறைத்தவை டானிக்குகள், பல வைட்டமின் கலவைகள், செரிமான என்சைம் கலவைகள், இருமல் மருந்துகள், கிரைப் வாட்டர். பெரும்பாலானவை கண்ணுக்கு அழகான பாட்டிலில், அயல்நாட்டுப் பெயரோடு வந்தன. ஒன்பது கோடி மக்களில் பெரும்பாலோர் வேளாவேளைக்குச் சோறு காணாத நாட்டில், பசியெடுக்க வைக்கும் டானிக் நன்றாக விற்றது.

அதே நாட்டில், அதே ஆண்டுகளில், நேர்மாறான ஒரு காட்சியும் நடந்துகொண்டிருந்தது. குழந்தைகளை அதிகம் கொன்ற நோய்களில் ஒன்று வயிற்றுப்போக்கு. அதற்கு வாய்வழியே கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் போதும் என்பது 1968இல் டாக்காவின் காலரா ஆய்வுக்கூடத்தில் டேவிட் நாலின், ரிச்சர்ட் காஷ் ஆகியோர் நடத்திய சோதனைகளில் நிறுவப்பட்டது. 1980 முதல் பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் பெண்கள் வீடு வீடாகப் போய் இதைத் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்று விரலால் கிள்ளிய உப்பு ஒரு சிட்டிகை, நான்கு விரலால் அள்ளிய வெல்லம் ஒரு பிடி, அரை சேர் தண்ணீர். தாய் தன் கையாலேயே கலக்கிக் காட்ட வேண்டும். பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இந்தப் பாடம் போய்ச் சேர்ந்தது. உயிர் காக்கும் மருந்து அடுப்பங்கரையிலேயே இருக்க, பணத்தைப் பறிக்கும் மருந்து கடையில் இருந்தது. 1982இல் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த முரண் நினைவில் இருந்தால் போதும்.

இந்த முரணை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் ஜஃப்ருல்லா சவுத்ரி. லண்டனில் அறுவை மருத்துவ மேற்படிப்பில் இருந்தவர், 1971இல் விடுதலைப் போர் தொடங்கியதும் படிப்பை விட்டுவிட்டுத் திரும்பினார். எல்லைக்கு இப்பால் திரிபுராவில், டாக்டர் எம்.ஏ. மொபினோடு சேர்ந்து மூங்கிலும் கூரையுமாக 480 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையை அமைத்தார். முன்பயிற்சி ஏதுமில்லாத இளம்பெண்கள் சில வாரப் பயிற்சியில் அங்கே செவிலியர் வேலை பார்த்தார்கள். போர் முடிந்தபின், டாக்காவுக்கு வடமேற்கே சாவாரில் அதே ஏற்பாட்டைக் கிராமத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1972இல் பிறந்த அந்த அமைப்பின் பெயர் கணஸ்வாஸ்த்ய கேந்திரா. மக்கள் நலவாழ்வு மையம் என்று பொருள். சேலை கட்டிய பெண் சுகாதாரப் பணியாளர்கள் சைக்கிளில் ஊருக்குள் போனது அன்றைய வங்கக் கிராமத்தில் புதிய காட்சி; எதிர்ப்புக்கும் குறைவில்லை. சாவார்ப் பெண்கள் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சையையே திறம்படச் செய்ததை 1975இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது.

ஊழியர்கள் இருந்தார்கள், அவர்கள் பையில் போட்டுக்கொண்டு போக மலிவான மருந்துதான் இல்லை. 1981இல் சாவாரிலேயே மருந்துத் தொழிற்சாலை தொடங்கியதற்கு அதுவே காரணம். வணிகப் பெயர்களைத் தவிர்த்துப் பொதுப்பெயரில் விற்பது, டானிக் பக்கமே போகாதது, லாபத்தில் பாதியை அறப்பணிக்குத் தருவது ஆகியவை அதன் விதிகள். அதன் விலைப்பட்டியல், மற்றவர்கள் எவ்வளவு கூட்டி விற்கிறார்கள் என்பதற்கு உள்ளூர்ச் சான்றாகவும் ஆனது.

இந்தச் சிந்தனைக்கு முன்னோடி இலங்கையில் இருந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே, பொதுவுடைமைக் கட்சித் தலைவர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து கொடுத்த அறிக்கையின் பேரில், 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. தனியார் சந்தையில் இருந்த சுமார் 2,100 மருந்துகள் 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன. இறக்குமதி முழுவதையும் கூட்டுத்தாபனமே பொதுப்பெயரில் உலக டெண்டர் விட்டு வாங்கியது. பல மூலப்பொருள்களின் விலை பல மடங்கு இறங்கியது. 1974இல் காலரா பரவியபோது, கூட்டுத்தாபனம் வாங்கிவைத்திருந்த மூலப்பொருளைக் கொண்டு டெட்ராசைக்ளின் காப்ஸ்யூல் செய்து தர ஃபைசரின் உள்ளூர்க் கிளை மறுத்தது. வெளிநாட்டிலிருந்து காப்ஸ்யூலை விமானத்தில் வரவழைக்க வேண்டியதாயிற்று. 1977இல் ஆட்சி மாறியதும் இறக்குமதி மீண்டும் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. பிபிலே அதே ஆண்டு செப்டம்பரில் ஐ.நா. பணிக்காகச் சென்ற கயானாவில் காலமானார். அவருடைய பட்டியல் முறை மட்டும் பிழைத்தது. 1977இல் உலக சுகாதார நிறுவனம் தன் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. அதில் இருந்தவை 200க்குச் சற்று மேற்பட்ட மருந்துகள்.

அறிவுரையாக இருந்த அந்தப் பட்டியலைச் சட்டமாக்கத் துணிந்தது ஓர் இராணுவ ஆட்சி என்பது வரலாற்றின் வேடிக்கை. 1982 மார்ச் 24 அன்று தளபதி ஹுசைன் முகம்மது எர்ஷாத் ஆட்சியைக் கைப்பற்றினார். மக்களுக்கு உடனடியாக ஏதாவது செய்து காட்ட வேண்டிய நெருக்கடி அவருக்கு இருந்தது. ஏப்ரல் 27 அன்று பேராசிரியர் நூருல் இஸ்லாம் தலைமையில் எட்டுப் பேர் கொண்ட வல்லுநர் குழு அமைக்கப்பட்டது. சவுத்ரியும் அதில் ஓர் உறுப்பினர். இரண்டே வாரத்தில் குழு அறிக்கையை முடித்தது. தொழில்துறையின் பிரதிநிதி ஒருவர்கூடக் குழுவில் இல்லை. நிறுவனங்கள் பிற்பாடு இதைப் பெருங்குறையாகச் சொல்லின. அவர்களை வைத்துக்கொண்டு இரண்டு வாரத்தில் முடித்திருக்க முடியாது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

குழு வகுத்துக்கொண்ட அளவுகோல்கள் 16. அவற்றின் சாரம் எளிது. ஒரு மருந்து போதுமான இடத்தில் இரண்டைக் கலந்து விற்கக் கூடாது. எதிருயிரி மருந்துகளை ஒன்றோடொன்றும், ஸ்டீராய்டோடும் கலந்தவை போக வேண்டும். வைட்டமின்களைத் தனித்தனியாகத்தான் விற்க வேண்டும். பி-காம்ப்ளெக்ஸுக்கு மட்டும் விலக்கு. இருமல் மருந்து, தொண்டைக்காக வாயில் அடக்கிக்கொள்ளும் மிட்டாய், கிரைப் வாட்டர், டானிக், என்சைம் கலவை ஆகியவை பயனற்றவை. இவ்வளவும் மருந்தியல் பாடநூலில் உள்ளவை. மீதி அளவுகோல்கள் பொருளாதாரம் பேசின. அமில முறிவு மருந்து, சாதாரண வைட்டமின் போன்ற எளிய தயாரிப்புகளை உள்நாட்டு நிறுவனங்களுக்கே விட வேண்டும். பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் தொழில்நுட்பத்தைக் கடினமான மருந்துகளில் காட்டட்டும். வங்கதேசத்தில் தொழிற்சாலை இல்லாத அயல்நாட்டு நிறுவனம், வேறொருவர் ஆலையில் தன் முத்திரையோடு மருந்து செய்து விற்கக் கூடாது. உள்நாட்டில் செய்யப்படும் மருந்தை இறக்குமதி செய்யக் கூடாது. நிறுவனங்களுக்கு உண்மையில் வலித்தது இந்தப் பகுதிதான். வெளியே பேசியது மட்டும் மருந்தியலைப் பற்றி.

1982 ஜூன் 12 அன்று மருந்துக் கட்டுப்பாட்டு அவசரச் சட்டம் பிறந்தது. 1,707 மருந்துகள் மூன்று அட்டவணைகளில் அடங்கின. தீங்கானவை என்று முடிவான 305 மருந்துகளின் உற்பத்தி உடனே நிற்க வேண்டும், இருப்பை அழிக்க வேண்டும். 134 மருந்துகளின் கலவையை மாற்றிக்கொள்ளலாம். எஞ்சிய 1,268 மருந்துகளும் அளவுகோல்களுக்குப் பொருந்தாதவை. கையிருப்பை விற்றுத் தீர்க்க அவகாசம் உண்டு, அதன் பிறகு கிடையாது. அவற்றின் இடத்தில் 150 அத்தியாவசிய மருந்துகளின் பட்டியல் வந்தது. கிராமச் சுகாதாரப் பணியாளருக்கு 12, தாணா (வட்டம்) அளவிலான சுகாதார நிலையத்துக்கு அவற்றையும் சேர்த்து 45, பெரிய மருத்துவமனைகளுக்கு 150 முழுவதும். சிறப்பு மருத்துவர்கள் எழுத இன்னும் 100. நாட்டின் நோய்கள் பெரும்பாலானவற்றுக்கு இந்த 250 போதும் என்பது குழுவின் துணிபு.

எதிர்ப்பு டாக்காவோடு நிற்கவில்லை. அமெரிக்கத் தூதர் ஜேன் கூன் எர்ஷாத்தை நேரில் சந்தித்துச் சட்டத்தைத் தள்ளிப்போடக் கேட்டார். ஐரோப்பிய நாடுகள் சிலவற்றின் தூதர்களும் தங்கள் நிறுவனங்களுக்காகப் பேசினார்கள். ஜூலையில் அமெரிக்காவிலிருந்து ‘அறிவியல் வல்லுநர்கள்’ நால்வர் வந்து இறங்கினர். அவர்களில் பெரும்பாலோர் மருந்துத் தொழிலோடு தொடர்புள்ளவர்கள் என்பது பிறகு தெரிந்தது. உள்ளூரில் வங்கதேச மருத்துவச் சங்கமும் எதிர்த்தது. தங்களைக் கேட்காமல் முடிவெடுத்தார்கள் என்பது மருத்துவர்களின் குறை. எழுதிப் பழகிய பெயர்கள் திடீரென்று மறைந்ததும் குறை. பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரங்கள் வந்தன. அழுத்தம் தாங்காமல் எர்ஷாத் இராணுவ மருத்துவர்களைக் கொண்டு மறுஆய்வு நடத்தினார். கால அவகாசம் நீண்டது, சில மருந்துகள் மீண்டன. சட்டத்தின் முதுகெலும்பு முறியவில்லை. இலங்கையில் தேர்தல் முறித்ததை இங்கே முறிக்கத் தேர்தலே இல்லை. எர்ஷாத்தின் ஆட்சியில் நியாயப்படுத்தக்கூடிய செயல்கள் அதிகமில்லை. இது அவற்றில் ஒன்று.

பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோது கணக்கு தெளிவாக இருந்தது. உள்நாட்டு உற்பத்தியில் அத்தியாவசிய மருந்துகளின் பங்கு 30 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் ஆனது. பொது விலைவாசி வெகுவாக ஏறிய காலத்தில் மருந்து விலை சிறிதளவே ஏறியது. விலை இறங்கிய மருந்துகளும் இருந்தன. உள்நாட்டு நிறுவனங்கள் சந்தையின் பெரும்பகுதியைப் பிடித்தன. நிறுவனங்கள் மூட்டை கட்டிவிடும், நாடு மருந்தில்லாமல் தவிக்கும் என்ற எச்சரிக்கை பலிக்கவில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் வெளியேறியது உண்மைதான், ஆனால் அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக. அவை விட்டுப்போன ஆலைகளில் உள்ளூர் நிறுவனங்கள் வளர்ந்தன. ஐ.சி.ஐ.யின் கிளை ஏ.சி.ஐ. ஆனது, ஃபைசரின் கிளை ரெனாட்டா ஆனது. இன்று நாட்டுக்குத் தேவையான மருந்தில் 97 சதவீதத்துக்கு மேல் உள்நாட்டிலேயே தயாராகிறது.

தரமும் உயர்ந்ததாகவே புள்ளிவிவரம் சொன்னது. சோதித்த மாதிரிகளில் தரங்குறைந்தவை 1981இல் 36 சதவீதம். 1992இல் 9 சதவீதம். ஆனால் சோதனைக்கு வந்தவற்றின் கணக்குதான் அது. வராதவை எத்தனை என்பது அதே 1992இல், டாக்காவின் குழந்தைகள் மருத்துவமனையில் தெரியவந்தது.

சில ஆண்டுகளாகவே அங்கே ஒரே மாதிரியான குழந்தைகள் வந்துகொண்டிருந்தார்கள். சாதாரணக் காய்ச்சல், அதற்கு ஏதோ மருந்து, இரண்டொரு நாளில் சிறுநீர் நின்றுவிடும். உடம்பு வீங்கும், வாந்தி நிற்காது. டயாலிசிஸ் செய்தும் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. சிறுநீரகம் செயலிழந்ததற்கு வழக்கமான காரணம் எதுவும் அகப்படவில்லை. குழந்தைகள் சிறுநீரக மருத்துவர் முகம்மது ஹனீஃபும் உடன் பணியாற்றியவர்களும் வீட்டில் என்ன மருந்து கொடுத்தார்கள் என்று பெற்றோரைக் கேட்கத் தொடங்கினார்கள். பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னார்கள். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் சிரப் திரும்பத் திரும்ப வந்தது. பாட்டில்கள் அமெரிக்காவுக்குப் போய்ச் சோதிக்கப்பட்டன. உள்ளே இருந்தது டையெத்திலீன் கிளைக்கால்.

பாராசிட்டமால் தண்ணீரில் எளிதில் கரையாது. சிரப் செய்ய அதைக் கரைத்துப் பிடிக்கும் திரவம் வேண்டும். அதற்கு உரியது புரொப்பிலீன் கிளைக்கால். டையெத்திலீன் கிளைக்கால் பார்வைக்கும் தொடுகைக்கும் அதைப் போலவே இருக்கும், சுவையும் இனிப்பு, விலை குறைவு. தொழிற்சாலைகளில் புழங்கும் பொருள். குழந்தையின் சிறுநீரகத்துக்கு நஞ்சு. இது நஞ்சு என்பது 1937இலேயே உலகுக்குத் தெரியும். அமெரிக்காவில் அந்த ஆண்டு ‘எலிக்சிர் சல்ஃபனிலமைட்’ குடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே மருந்து விற்பனைக்கு முன் பாதுகாப்பைச் சோதிக்கும் சட்டம் அங்கே வந்தது. டிரம்மில் வரும் திரவத்தில் இந்த நஞ்சு இருக்கிறதா என்று ஆலையில் ஒரு முறை சோதித்தால் கதை முடிந்தது. அந்த ஒரு முறையைத்தான் தவிர்க்கிறார்கள். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகளைக் கொன்ற இருமல் மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அதில் 48.6 சதவீதம் இதே நஞ்சு இருந்தது.

டாக்காவில் 1990 முதல் 1992 வரை, காரணம் தெரியாமல் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனைக்கு வந்த குழந்தைகள் 339 பேர் என்று ஹனீஃப் குழுவினர் 1995இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். மருத்துவமனை வரை வராதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. 1992 டிசம்பரில் அரசு பாராசிட்டமால் சிரப் விற்பனையைத் தடை செய்தது. அதன் பிறகு இத்தகைய நோயாளிகளின் எண்ணிக்கை 84 சதவீதம் குறைந்தது. இதைவிடத் தெளிவான நிரூபணம் தேவையில்லை.

1982இன் சட்டத்தில் இதற்கு இடமில்லாமல் இல்லை. தரங்குறைந்த மருந்துக்குத் தண்டனை உண்டு, தனி மருந்து நீதிமன்றமும் உண்டு. பட்டியல் போடுவது இரண்டு வார வேலை. ஆய்வாளர்களை நியமித்து, ஆய்வுக்கூடம் கட்டி, ஒவ்வொரு டிரம்மையும் சோதிக்க வைப்பது நாள்தோறும் நடக்க வேண்டிய வேலை. முதல் வேலைக்கு எட்டுப் பேரும் ஒரு சர்வாதிகாரியும் போதுமாக இருந்தது. இரண்டாவதற்குச் செலவிட எந்த அரசும் அக்கறை காட்டவில்லை. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆள்பற்றாக்குறையோடும், ஆய்வுக்கூடங்கள் கருவிப் பற்றாக்குறையோடும் காலம் தள்ளின. மலிவு விலைக்குக் கொடுத்த கவனத்தில் பாதியைக்கூடச் சோதனைக்குக் கொடுக்கவில்லை என்பதே இந்தக் கொள்கையின் மேல் நிற்கும் நியாயமான குற்றச்சாட்டு. அன்று எதிர்த்த தூதர்கள் யாரும் அதைச் சொல்லவில்லை.

கொள்கையின் ஆதரவாளர்களுக்கு அரசியலிலும் அடி விழுந்தது. 1990இல் எர்ஷாத் அரசு கொண்டுவந்த தேசிய நலவாழ்வுக் கொள்கை, அரசு மருத்துவர்களின் தனியார் தொழிலில் கைவைத்தது. மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது எர்ஷாத் எதிர்ப்பு இயக்கத்தோடு கலந்தது. டிசம்பரில் ஆட்சி விழுந்தபோது, அதனோடு அந்தக் கொள்கையும் போனது. மருத்துவச் சங்கம் சவுத்ரியை நீக்கியது. 1982இன் மருந்துச் சட்டம் தப்பினாலும், 1994இல் விலைக் கட்டுப்பாடு 117 மருந்துகளுக்குச் சுருங்கியது. மற்றவற்றின் விலையை நிறுவனங்களே முடிவு செய்யலாம் என்றானது. இந்த முறை கேட்டு வாங்கியதில் உள்நாட்டு நிறுவனங்களுக்கும் பங்கு இருந்தது. பாதுகாப்பில் வளர்ந்தவர்கள், வளர்ந்தபின் பாதுகாப்பு வேண்டாம் என்பது தொழில்துறையில் புதிதில்லை.

சவுத்ரி கடைசிவரை சாவார் வழியை விடவில்லை. முதுமையில் அவருக்கே சிறுநீரகம் பழுதானபோது, கணஸ்வாஸ்த்ய கேந்திரா குறைந்த கட்டணத்தில் நடத்திய டயாலிசிஸ் மையத்திலேயே சிகிச்சை எடுத்துக்கொண்டார். 2023 ஏப்ரல் 11 அன்று அந்த அமைப்பின் டாக்கா மருத்துவமனையில் காலமானார். 1940ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் இந்திய மருந்துச் சட்டமும் 1982இன் அவசரச் சட்டமும் அவர் மறைந்த அதே ஆண்டில் புதிய சட்டத்துக்கு வழிவிட்டன.

நஞ்சு கலந்த சிரப் பற்றிய வழக்குகள் மிக மெதுவாக நடந்தன. 1990களின் தொடக்கத்தில் 76 குழந்தைகள் இறந்தது தொடர்பாக ஒரு நிறுவனத்தின் மீது போட்ட வழக்கில், 2014 ஜூலையில்தான் தீர்ப்பு வந்தது. மூவருக்குப் பத்தாண்டுச் சிறை. இடையில் 2009இல் இன்னொரு நிறுவனத்தின் பாராசிட்டமால் சிரப்பில் அதே டையெத்திலீன் கிளைக்கால் கண்டுபிடிக்கப்பட்டது. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அந்த வழக்கு 2016 நவம்பரில் முடிந்தது. குற்றம் சாட்டப்பட்ட ஐவரும் விடுதலையானார்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதிகாரிகள் வழக்கைச் சட்டப்படி நடத்தத் தவறியதை நீதிமன்றம் காரணமாகச் சொன்னது.